ஐந்து லட்சப் பொட்டலத்தை அவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். 2012-ல் திருமணம் நடந்தது. கணவர் சென்னையில் தன் அண்ணனுடன் சேர்ந்து மளிகைக் கடை நடத்துகிறார். கடை தொடங்கிய முதல் நான்கு வருடம் நானும் காலையிலிருந்து இரவு வரை கல்லாவிலும் பொட்டலம் மடிப்பதிலும் இருந்தேன். எனக்குப் போட்ட 30 சவரனில் 26 சவரன் கடையைப் பெரிதாக்க அடகுக்குப் போனது, திரும்பி வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அவர் கை நீட்டியதால், 11 வயது மகளையும் 7 வயது மகனையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பி.காம். படித்திருக்கிறேன். இப்போது பீடி சுற்றுகிறேன்; மாதம் நாலாயிரம் ரூபாய் போலக் கிடைக்கும். ஊர்ப் பெரியவர்கள் பேசி, ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு மனமொத்த விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். கடை அண்ணன் பெயரில் இருக்கிறது, இவருக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளம்தான் என்கிறார்கள். "நீயாகத்தானே வீட்டை விட்டு வந்தாய், கோர்ட்டுக்குப் போனால் ஒரு பைசா வராது" என்கிறார் ஒருவர். "சொத்தில் பாதி உனக்குத்தான்" என்கிறார் இன்னொருவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை பேச்சு முடிக்க வருகிறார்கள். நான் என்ன செய்ய?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

உங்களுக்கு யோசனை சொன்ன இருவர் சொன்னதுமே சரியில்லை. விவாகரத்தானால் கணவரின் சொத்தில் பாதியை மனைவிக்குப் பிரித்துக் கொடு என்று உங்களுக்குப் பொருந்தும் சட்டம் எதுவும் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு பெண்ணுக்கு 12 கோடி ரூபாய் ஜீவனாம்சம் கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பில்கூட, கணவரின் செல்வத்துக்குச் சமமாக மனைவியைக் கொண்டுவந்து நிறுத்துவது ஜீவனாம்சத்தின் வேலை இல்லை என்றுதான் எழுதியிருக்கிறது. ஆகவே பாதிக் கணக்கை மறந்துவிடுங்கள். 'ஒரு பைசா வராது' என்ற பயமுறுத்தலையும் அதோடு சேர்த்து மறந்துவிடலாம். அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஐந்து லட்சத்துக்கு வருவோம். நீங்கள் மளிகைக் கடைக் கல்லாவில் இருந்தவர். துவரம்பருப்பு, புளி, மிளகாய், சீனி எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, "மொத்தம் ஐந்நூறு" என்று ஒருவர் நீட்டினால் வாங்கியிருப்பீர்களா? சிட்டை எங்கே என்றுதானே கேட்டிருப்பீர்கள். இந்த ஐந்து லட்சமும் அப்படிச் சிட்டையில்லாத பொட்டலம்தான். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே மூன்று வகைப் பணம் கலந்து கிடக்கிறது: உங்கள் நகை, பிள்ளைகளின் பராமரிப்பு, உங்கள் ஜீவனாம்சம். மூன்றும் வெவ்வேறு உரிமை. மூன்றுக்கும் உரியவர்கள்கூட ஒரே ஆள் இல்லை.

நகை உங்களுடையது. திருமணத்தின்போது பெண்ணுக்குப் போட்ட நகை சீதனம்; அது அவளுக்கு மட்டும் சொந்தம் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கணவன் கஷ்ட காலத்தில் வாங்கிப் பயன்படுத்தலாம். ஆனால் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன். 2024 ஏப்ரலில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துத் தம்பதியின் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பெண் வீட்டார் போட்டது 89 சவரன். அதை மாப்பிள்ளையும் அவர் தாயாரும் கடனுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள் என்பது புகார். நகைக்கு ஈடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவானது. இது ஜீவனாம்சம் அல்ல, நகைக்கான பணம் மட்டும். உங்கள் 26 சவரனை இன்றைய பேப்பரில் போட்டிருக்கும் சவரன் விலையால் பெருக்கிப் பாருங்கள். ஐந்து லட்சம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, பிள்ளைகளின் பணம். மகனுக்கு 18 வயது ஆக இன்னும் 11 வருடம், அதாவது 132 மாதம். மகளுக்கு ஏழு வருடம், 84 மாதம். ஒரு பிள்ளைக்கு மாதம் மூவாயிரம் என்று கஞ்சத்தனமாகப் போட்டாலும் ஆறு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் ஆகிறது. இதில் விலைவாசி ஏற்றமும் இல்லை, கல்லூரியும் இல்லை. தன் வருமானத்தில் வாழ முடியாத மகளுக்கு, 18 வயதுக்குப் பிறகும் திருமணம் ஆகும் வரை தகப்பனிடம் கேட்க 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது. திருமணச் செலவும் அந்தப் பராமரிப்பில் அடக்கம். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். 'பிள்ளைகளுக்கும் சேர்த்து இதுவே முழுத் தொகை, இனி எதுவும் கேட்கமாட்டோம்' என்று நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் அது பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது. பிள்ளையின் உரிமையைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அதை நம்பி இப்போது கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு வழக்குப் போட்டு அலைவானேன்?

மிச்சம் இருப்பதுதான் உங்கள் ஜீவனாம்சம். மேலே சொன்ன இரண்டையும் கழித்த பிறகு ஐந்து லட்சத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து லட்சம் முழுவதையும் உங்களுக்கே என்று வைத்து, ஏழு சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டாலும் மாதம் மூவாயிரத்துக்குக் கீழேதான் கிடைக்கும். நீங்கள் பீடித் தட்டோடு உட்கார்ந்து சம்பாதிப்பதைவிடக் குறைவு.

சரி, நீதிமன்றம் தொகையை எப்படி முடிவுசெய்கிறது? சதவீதம் ஏதாவது உண்டா என்பதுதான் என் வக்கீல் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்கும் கேள்வி. கணவரின் கைக்கு வரும் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கால் பங்கு, கால் பங்கு என்கிறார்கள். அது ஒரு கைப்பிடி அளவு; சட்டத்தில் எழுதிய படியளவு இல்லை. மாதச் சம்பளக்காரர் வழக்கில் கொஞ்சம் உதவும். சம்பளச் சீட்டே இல்லாத கடைக்காரர் வழக்கில், எந்தத் தொகையில் கால் பங்கு என்பதே சண்டையாகிவிடும்.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் உங்களுக்கு முக்கியம். வழக்கு நடக்கும் காலத்துக்கு இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்பது 24-ஆம் பிரிவு. விவாகரத்துத் தீர்ப்போடு நிரந்தர ஜீவனாம்சம் கேட்பது 25-ஆம் பிரிவு. அது மாதத் தொகையாகவும் இருக்கலாம், மொத்தத் தொகையாகவும் இருக்கலாம். (இந்த இரண்டு பிரிவிலும் கணவனும் மனைவியிடம் கேட்கலாம். ஆண் வாசகர்கள் இதற்காகத் தனிக் கடிதம் போட வேண்டாம்.) விவாகரத்து வழக்கே இல்லாமல் பராமரிப்பு மட்டும் கேட்க, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. எண் மாறியிருக்கிறது, விஷயம் அதேதான். மேலப்பாளையத்திலிருந்து கேட்கும் சகோதரிகளுக்கும் ஒரு வரி: விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இந்தப் பிரிவில் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எந்தப் பிரிவில் போனாலும் நீதிபதியின் மேசைக்கு முதலில் வர வேண்டியது இருவரின் சொத்து, வருமானம், கடன் விவரம் அடங்கிய பிரமாணப் பத்திரம். 2020 நவம்பர் 4-ஆம் தேதி ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. படிவத்தையும் அதுவே வகுத்துக் கொடுத்தது. விவசாயக் குடும்பங்களுக்கென்று தனிப் படிவமும் இருக்கிறது. எதிர்த்தரப்பு நான்கு வாரத்துக்குள் தன் பத்திரத்தைப் போட வேண்டும். வேண்டுமென்றே இழுத்தடித்தால் அவருடைய எதிருரையையே நீக்கிவிடலாம். இடைக்கால மனுவை நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். இவை ஏட்டில் உள்ளவை. நடப்பில் வாய்தா மேல் வாய்தா போகும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதே தீர்ப்பில் உங்களுக்கு மிகவும் வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. பராமரிப்புத் தொகை மனுப் போட்ட நாளிலிருந்து கணக்காகும். தீர்ப்பு இரண்டு வருடம் கழித்து வந்தாலும் மனுப் போட்ட மாதத்திலிருந்து பாக்கி சேர்ந்து வரும். அப்படியானால் நீங்கள் மனுப் போடாமல் அம்மா வீட்டில் இருந்த மூன்று வருடம்? அந்த 36 மாதங்களும் இந்தக் கணக்கில் வராது. 'பெரியவர்கள் பேசுகிறார்கள், பொறு' என்று சொல்லிச் சொல்லி உங்களிடமிருந்து பறிபோனது அதுதான். பேச்சு நடக்கட்டும், அதற்காக மனுவை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் பிரமாணப் பத்திரம். இதில்தான் நம் பெண்கள் இரண்டு இடத்தில் தவறிவிடுகிறார்கள்.

முதல் தவறு, வருமானத்தை ஒளிப்பது. சில வருடங்களுக்கு முன் ஆலங்குளம் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர், வருமானம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதச் சொன்னார். நானும் துருவிக் கேட்கவில்லை, என் தவறுதான். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சத்தமே போடாமல் ஒரு தாளை எடுத்து நீட்டினார். பீடிக் கம்பெனி வழியாக அந்தப் பெண்ணுக்கு மாதாமாதம் பிடித்த வருங்கால வைப்பு நிதியின் கணக்கு. "இதில் இருக்கிற பெயர் உங்கள் பெயர்தானா?" அந்த ஒரு கேள்விதான். நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். மாதம் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் அது. சொல்லியிருந்தால் யாருக்கும் அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது. ஒளித்ததால் அவர் சொன்ன அடி உதைக் கதையையும் நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிட்டது.

ஆகவே உங்கள் நாலாயிரத்தை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். சம்பாதிக்கிற மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்பது வெறும் பேச்சு. 'தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாத' என்று சட்டம் சொன்னால், பிச்சை எடுக்கும் நிலை என்று அதற்குப் பொருள் இல்லை. கணவர் வீட்டில் இருந்த தரத்துக்கு ஏறக்குறைய வாழ அந்த வருமானம் போதுமா என்பதே கேள்வி. "பி.காம். படித்தவர், வேலைக்குப் போகலாமே" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். சம்பாதிக்கக் கூடியவர் என்பதும் சம்பாதிக்கிறார் என்பதும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் நன்றாகப் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறவர்களை நீதிமன்றங்கள் இப்போது அவ்வளவு பரிவோடு பார்ப்பதில்லை. நீங்கள் சும்மா இல்லை, பீடி சுற்றுகிறீர்கள். அதோடு வேலைக்கு விண்ணப்பித்த தாள், நேர்முகத்துக்குப் போன விவரம் ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். பத்து வருட இடைவெளிக்குப் பிறகு பி.காம். பட்டத்துக்கு என்ன மதிப்பு என்பது நீதிபதிக்கும் தெரியும்.

இரண்டாவது தவறு, செலவைக் குறைத்துச் சொல்வது. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து படிவம் நிரப்பும்போது அடிக்கடி நடப்பது இது. "அரிசிக்கு எவ்வளவு?" "அரிசி அம்மா வீட்டு நெல்லு." "பால்?" "அண்ணன் வீட்டு மாடு." "வாடகை?" "அம்மா வீடுதானே." "பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால்?" "மைனி கூட்டிப் போவாள்." கடைசியில் மூன்று பேர் குடும்பத்துக்கு மாதச் செலவு இரண்டாயிரம் என்று வந்து நிற்கும். எதிர்த்தரப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பெண்ணின் பெற்றோர் வசதி என்ன என்பது ஜீவனாம்சக் கணக்கில் சேராது என்பது தீர்ந்துபோன சட்டம். உங்கள் அம்மா போடுகிற சோறு உங்கள் கணவருக்குக் கொடுக்கிற தள்ளுபடி இல்லை. அரிசி, பால், பள்ளி வேன், நோட்டுப் புத்தகம், சிலிண்டர், மருந்து, பஸ் கட்டணம், தீபாவளித் துணி என ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்கினால் என்ன ஆகுமோ அந்த விலைக்கு எழுதுங்கள். ரசீது இருப்பதற்கு ரசீது, இல்லாததற்கு உங்கள் கணக்கு. இன்று முதல் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

இனி அவர் பக்கம். 'கடை அண்ணன் பெயரில், நான் வேலைக்காரன்' என்பது இந்தத் தாமிரபரணிக் கரையில் எனக்கு அலுத்துப்போன பதில். சென்னையில் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் பலரும் அண்ணன் தம்பியாகச் சேர்ந்துதான் தொழில் செய்கிறார்கள். உரிமம் ஒருவர் பெயர், உழைப்பு எல்லாருடையது, லாபம் கையில் கையில் பிரியும். சண்டையில்லாதபோது எல்லாரும் அண்ணாச்சி. சம்மன் வந்ததும் ஒருவர் மட்டும் அண்ணாச்சி, மற்றவர்கள் சம்பளக்காரர்கள். நீதிபதிகளுக்கு இது புதிதில்லை. ஒருவருடைய உண்மையான வருமானம் அவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பும் அவருடையதுதான். மறைத்தால் நீதிமன்றம் அவருக்குப் பாதகமாக ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் ஊகம் நிற்க ஒரு முளைக்குச்சியாவது நீங்கள் அடித்துக் கொடுக்க வேண்டும்.

முளைக்குச்சிகள் எங்கே கிடைக்கும்? கடையில் கல்லா மேசையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை யாரையாவது ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பத்து ரூபாய்க்கு பிஸ்கட் வாங்கினாலும் பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது என்பது செல்பேசித் திரையில் வரும். அது உங்கள் கணவர் பெயராக இருந்தால் 'வேலைக்காரன்' கதை அந்த இடத்திலேயே பாதி உடைகிறது. அதைச் சான்றாகத் தாக்கல் செய்ய உரிய சான்றிதழும் சேர்க்க வேண்டும். அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் தகப்பன் தொழில் என்ன என்று எழுதியிருக்கிறது? வண்டி வாங்கக் கடன் எடுத்திருந்தால் அந்த விண்ணப்பத்தில் வருமானம் என்ன? நம் ஆட்கள் வங்கியில் கூட்டிச் சொல்வார்கள், கோர்ட்டில் குறைத்துச் சொல்வார்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் போதும். வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு, கடை வாடகை ஒப்பந்தம், வருமான வரிக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லி நீதிமன்றத்திடம் மனுப் போடலாம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு: கோயில் கொடை விழா நோட்டீஸ். ஒரு வழக்கில் கணவர், அண்ணன் கடையில் பொட்டலம் மடிக்கிற வேலை என்று சத்தியம் செய்து பத்திரம் போட்டிருந்தார். அந்த வருடச் சுடலைமாடன் கோயில் கொடைக்கு அடித்த நோட்டீஸைப் பெண்ணின் தம்பி மடித்துப் பையில் வைத்திருந்தார். பின்பக்கத்தில் அந்தக் கணவரின் படம். அதன் கீழே 'அன்னதானம் உபயம்', ஸ்டோர்ஸ் பெயர், 'உரிமையாளர், சென்னை'. கூண்டில் கேட்டேன்: "படத்தில் இருப்பது நீங்கள்தானா?" "ஆமாம்." "உரிமையாளர் என்று போட்டிருக்கிறதே?" "ஊர்க்காரர்கள் மரியாதைக்குப் போட்டது." "அன்னதானத்துக்கு நாற்பதாயிரம் கொடுத்ததாக இருக்கிறதே, அதுவும் மரியாதைக்குத்தானா?" அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த வாய்தாவுக்கு முன் சமாதானம் பேச ஆள் அனுப்பினார்கள்.

உங்கள் ஊரிலும் கொடை நடக்காமலா இருக்கிறது?

இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு நீதிபதி எதை எடைபோடுகிறார் என்பதற்கு, 2024 டிசம்பர் 10-ஆம் தேதித் தீர்ப்பு ஒன்றில் உச்ச நீதிமன்றம் எட்டு அம்சங்களை வரிசைப்படுத்தியிருக்கிறது. இருவரின் சமூக, பொருளாதார நிலை, மனைவி மக்களின் நியாயமான தேவை, இருவரின் படிப்பும் வேலையும், மனைவியின் சொந்த வருமானமும் சொத்தும், மணவாழ்வில் இருந்த வாழ்க்கைத் தரம், வேலையில்லாத மனைவிக்கு ஆகும் வழக்குச் செலவு, கணவரின் வருமானமும் கடமைகளும் கடன்களும் - இவை ஏழும் யாரும் ஊகிக்கக்கூடியவை. எட்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது: குடும்பத்துக்காக மனைவி விட்டுக்கொடுத்த வேலைவாய்ப்பு. கடை தொடங்கிய நான்கு வருடம் கல்லாவில் இருந்தேன் என்று கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கின் முதுகெலும்பு அந்த வரி. அந்த நான்கு வருடத்தில் வேலை அனுபவம் சேர்ந்திருந்தால் இன்று நீங்கள் பீடித் தட்டின் முன் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். கடையில் நிற்கும் புகைப்படம், சரக்குக்காரர்களோடு நீங்கள் பேசிய செய்திகள், உங்கள் கையெழுத்தில் பழைய கணக்கு நோட்டு எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது 'நீயாகத்தானே வந்தாய்' என்றவருக்கு வருகிறேன். தகுந்த காரணம் இல்லாமல் கணவனோடு வாழ மறுக்கிற மனைவிக்குப் பராமரிப்பு இல்லை என்று 144-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருப்பது உண்மை. அடி தகுந்த காரணம். அதற்கு அன்று அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்கியிருந்தால் நல்லது. ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தாலும் நல்லது. இரண்டும் இல்லையென்றால் அன்று இரவு நீங்கள் யாருக்குப் போன் செய்தீர்களோ அவர் சாட்சி. இன்னொன்று, விவாகரத்தான பெண்ணும் இந்தப் பிரிவில் 'மனைவி' என்ற சொல்லுக்குள் வருகிறாள். மனைவி பிரிந்துபோனாள் என்ற காரணத்துக்காகவே கணவன் விவாகரத்து வாங்கிய வழக்கில்கூட, அதன் பிறகு அவளுக்குப் பராமரிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்திருக்கிறது. நிரந்தர ஜீவனாம்சத்தில் இருவரின் நடத்தையையும் நீதிமன்றம் பார்க்கும். ஆனால் அது தொகையைக் கூட்டிக் குறைக்கும் பல காரணங்களில் ஒன்று. பிள்ளைகளின் தொகைக்கும் உங்கள் நடத்தைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

உத்தரவு வாங்குவதைவிடப் பணம் வாங்குவது கஷ்டம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மாதத் தொகை கட்டாவிட்டால் நிறைவேற்று மனுப் போடலாம். ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை வைக்கச் சட்டம் இருக்கிறது. சிறை போய் வந்தாலும் பாக்கி கழியாது. ஆனால் பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டுவிட வேண்டும். சென்னைக் கடை அண்ணன் பெயரில் இருக்கும்வரை அதை ஜப்தி செய்வது இழுபறிதான். அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஊர்ப்பக்கம் பார்ப்பேன். அவருக்குப் பூர்வீக வயலோ வீட்டு மனையோ பங்காக இருக்கிறதா? பட்டா, சிட்டாவை இணையத்திலேயே பார்த்துவிடலாம். வில்லங்கச் சான்றும் அப்படியே. 25-ஆம் பிரிவில் ஜீவனாம்சத் தொகைக்கு அவருடைய அசையாச் சொத்தின் மீது பொறுப்பு ஏற்படுத்தி, அதாவது அந்தச் சொத்தையே தொகைக்கு ஈடாக்கி, உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கார் நெல்லும் பிசான நெல்லும் விளையும் நிலத்தை யாரும் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இவ்வளவும் சொன்னதால் கோர்ட்டுக்குப் போயே தீர வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். மனமொத்த விவாகரத்து நல்ல வழி. தொகை நியாயமாக இருந்தால் அதையே நான் விரும்புவேன். ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்து வாழ்ந்திருக்கிறீர்கள், ஆகவே இருவரும் சேர்ந்து மனுப் போடலாம். வழக்கமாக முதல் மனுவுக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் ஆறு மாதம் இடைவெளி; தக்க சூழ்நிலையில் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. இதில் நான் விட்டுக்கொடுக்காத நிபந்தனைகள் உண்டு. நகை, பிள்ளைகள், நீங்கள் என்று தொகை தனித்தனியாக எழுதப்பட வேண்டும். பிள்ளைகளின் தொகை அவர்கள் பெயரில் வங்கி வைப்பாகவோ, வருடா வருடம் கூடும் மாதத் தொகையாகவோ இருக்க வேண்டும். முதல் மனு அன்று ஒரு பங்கு, கடைசிக் கையெழுத்து அன்று நீதிமன்றத்தில் வைத்து மீதி, இரண்டும் டிமாண்ட் டிராஃப்ட். தீர்ப்பு வருவதற்கு முன் வரை சம்மதத்தைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. முழுத் தொகையும் வாங்கி 'இனி பாத்தியதை இல்லை' என்று எழுதிக் கொடுத்த பிறகு உங்களுக்காகத் திரும்பக் கேட்பது மிகவும் கடினம். மாதத் தொகையாக வாங்கினால் நிலைமை மாறும்போது கூட்டிக் கேட்கலாம். அவரும் குறைக்கக் கேட்கலாம். மறுமணம் செய்தால் நின்றுபோகும். மொத்தத் தொகைக்கு அந்தத் தொல்லையும் இல்லை, அந்த வசதியும் இல்லை. இவரைப் போல வருமானத்தை ஒளிக்கிற ஆளிடம் உங்கள் பங்கை மொத்தமாகவும் பிள்ளைகள் பங்கை மாதாமாதமாகவும் வாங்குவது புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது.

வழக்கறிஞர் கட்டணம் பற்றிப் பயப்படாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்ணாக இருந்தால் போதும். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். பாளையங்கோட்டையில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஆதார் அட்டையும் திருமணப் பத்திரிகையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றும் எடுத்துக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நீங்கள் இருக்கும் ஊருக்கு உரிய நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்குக் காபி கொடுங்கள், முகம் கொடுத்துப் பேசுங்கள். பக்கத்தில் உங்கள் அண்ணனையோ படித்த ஒருவரையோ வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து லட்சம் என்றதும் வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள், சரி என்றும் சொல்லாதீர்கள். ஒரு தாளையும் பேனாவையும் முன்னால் வைத்து, "நகைக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு, பிரித்து எழுதித் தாருங்கள், வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் கேளுங்கள். முத்திரைத் தாளில் எழுதித் 'தீர்த்துவிடுகிறோம்' என்று கொண்டுவந்து நீட்டினால் தொடாதீர்கள். அந்தத் தாளால் திருமணம் முறியாது. அவர்கள் எழுதிக் கொடுக்கும் சிட்டையை எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நகைக் கட்டத்தில் என்ன போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.